ஓடாத இயந்திரத்துக்கு ஒரு கேடயம்

"நீங்க இன்னா செய்வீங்க?" என்று கேட்டான் கோபி.

"மெக்கானிக்கல் இன்ஜினியர்."

"அது பத்திரிகைல போடறதுக்கு. கையால இன்னா செஞ்சிருக்கீங்கன்னு கேட்டேன்."

பெண் பார்க்க வந்தவன் கேட்கிற கேள்வியா இது என்று தேவயானிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாடத் தெரியுமா என்று கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்ல அவள் தயாராக இருந்தாள். வீட்டுக்குள் பெரியவர்கள் கேசரியும் பஜ்ஜியுமாக உட்கார்ந்திருந்தார்கள். "பசங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கினு வரட்டும்" என்று அப்பா ராஜவேலுதான் இவர்களைக் கொல்லைப் பக்கம் அனுப்பிவைத்தார். கோலியனூரில் அவர்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் காடு. காட்டோரத்தில் மோட்டார் கொட்டகை. விழுப்புரத்தில் பம்ப்செட் கடை வைத்திருக்கும் கோபி, பெண்ணின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அந்த மோட்டாரைப் பார்த்துவிட்டு, உள்ளே சுழலும் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது, சத்தத்திலேயே தெரிகிறது என்று சொல்லியிருந்தான்.

"காலேஜ்ல இரும்பு கடையற லேத்துல வேலை செஞ்சிருப்பீங்க இல்ல?"

"லேத் இருந்துச்சு. பூட்டி வெச்சிருந்தாங்க."

"ஏன்?"

"தொட்டா கெட்டுப்போயிடும்னு."

"அப்புறம் எப்படித்தான் படிச்சீங்க?"

"படம் போட்டு. லேத்தை ரொம்ப நல்லா வரைவேன்."

கோபி சிரித்துவிட்டான். கேலிச் சிரிப்பு இல்லை அது. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அவளும் சிரித்தாள். மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த அந்த நேரத்திலேயே இரண்டு பேருக்கும் முடிவு தெரிந்துவிட்டது. ஆனால் தேவயானிக்குள் ஒரு முள் தைத்துக்கொண்டது. நாலு வருடம் படித்து, முதல் வகுப்பில் தேறி, இரும்பில் ஒரு கீறல்கூடப் போடாத இன்ஜினியர் நான் என்று அன்றுதான் முதல் தடவையாக வெட்கப்பட்டாள்.

"திண்டிவனத்துல வேலை கெடச்சிருக்கு" என்றாள். "ஷாஃப்ட் செய்யற கம்பெனி. ஒரே ஒரு ஷாஃப்ட்டாவது நானே கடைஞ்சி உங்க கையில குடுக்கறேன். அப்புறம் தேதி வெச்சிக்கலாமா?"

"எவ்ளோ நாள் ஆவும்?"

"ஒரு மாசம்?"

"ஒரு மாசம்தானே. எங்கம்மாவ நான் சமாளிச்சிக்கறேன்."

இது நடந்தது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆனி மாதத்தில். அந்த ஒரு மாதம் முடிவதற்குள் இரண்டு தை மாதங்கள் வந்து போயின.

தாண்டவா பிரிசிஷன் திண்டிவனத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. தண்ணீர் மோட்டார்களுக்குள் சுழலும் ஷாஃப்ட் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட தொழிற்சாலை. தேவயானி சேர்ந்தபோது அது அந்தக் கட்டத்தையெல்லாம் கடந்து வெகுதூரம் வந்துவிட்டிருந்தது.

முதல் நாள் வாசலில் காவலர் அவளை நிறுத்தி, தரையில் மஞ்சளில் வரைந்திருந்த இரண்டு பாதங்களைக் காட்டினார். அவற்றின்மேல் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். அடுத்த ஜோடிப் பாதங்களின் மேல் நின்று கையை நீட்ட வேண்டும், நகம் பார்ப்பார்கள். அதற்கும் அடுத்தவை மிகப் பெரிய பாதங்கள், யாரோ ஒரு பீமனின் காலை வைத்து வரைந்தவை. அவற்றில் நின்றபோது அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி இருந்தது அவளுக்கு. அங்கே நின்றுதான் எல்லோரும் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள்.

"ப்ரேக்டவுன் பூஜ்யம். விபத்து பூஜ்யம். கழிவு பூஜ்யம். குறை பூஜ்யம். இதுவே என் மூச்சு."

இதுதான் பூஜ்ய இயக்கம். கொண்டுவந்தவர் ஆலோசகர் கிருஷ்ணசாமி. அவர் ஜப்பானுக்குப் போய்வந்தவர். போனது ஒரு வாரத்துக்குத்தான். ஆனால் இத்தனை வருடமாகியும் அவர் முழுதாகத் திரும்பி வரவில்லை. கதவைத் திறந்தால் கதவுக்கு ஒரு கும்பிடு போடுவார். டீ குடித்து முடித்தால் டம்ளருக்கு நன்றி சொல்வார். மாதம் இரண்டு முறை வந்து, தொழிற்சாலையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போவார். கத்தரிக்கோலுக்கு ஒரு கட்டம், கத்தரிக்கோல் இருக்க வேண்டிய கட்டத்தைத் துடைக்கும் துணிக்கு ஒரு கட்டம், அந்தத் துணியைத் துவைக்கும் வாளிக்கு ஒரு கட்டம். பொது மேலாளர் சீனுவாசனின் மேசையில் அவருடைய முழங்கைகளுக்கும் இரண்டு கட்டங்கள் இருந்தன. பேசும்போது அவர் கையை அசைக்காததை மரியாதை என்று நினைத்துக்கொண்டாள் தேவயானி. பிறகுதான் கோடு தெரிந்தது.

சீனுவாசனே அவளைப் புதுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். முகம் பார்க்கலாம் போன்ற பச்சைத் தரை. நடுவில் வெள்ளை வெளேரென்று, மினி பஸ் அளவுக்கு, கணினிக் கட்டளையில் ஓடும் ஒரு சி.என்.சி. லேத். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் நெற்றியில் காய்ந்திருக்க, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது.

"இதுதாம்மா உன் மெஷின்" என்றார் சீனுவாசன்.

 தேவயானிக்குக் கோபியின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரு மாதம் எதற்கு, ஒரு வாரம் போதும் என்று நினைத்தாள்.

"இன்னியிலேர்ந்து நீதான் இதுக்கு அன்னை."

"சார்?"

"நம்ம இயக்கத்துல ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தாய் உண்டு. குழந்தையைத் தாய் எப்படிப் பாத்துப்பா? அப்படிப் பாத்துக்கணும்."

மறுநாள் அந்த இயந்திரத்தின் நெற்றியில், குங்குமத்துக்குப் பக்கத்தில், அவளுடைய புகைப்படத்தோடு ஒரு பலகை ஏறியது: 'இவ்வியந்திரத்தின் அன்னை: செல்வி ரா. தேவயானி, பி.இ.' அதைத் தன் புதுச் செல்போனில் படம் பிடித்துக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். சௌந்தரம் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணம் பண்ணிக்கோன்னா வேணாங்கற. அதுக்குள்ள அம்மா ஆயிக்கினு வந்து நிக்கற. சம்பந்திக்கு நான் இன்னான்னு சொல்றது?"

அன்னையின் வேலை, காலையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு இயந்திரத்தை வெள்ளைத் துணியால் துடைப்பது. சாயந்தரம் இன்னொரு வெள்ளைத் துணியால் துடைப்பது. துடைத்த துணி வெள்ளையாகவே இருந்தால் அன்று நல்ல நாள். துணி எப்போதும் வெள்ளையாகவே இருந்தது. ஏனென்றால் அந்த இயந்திரம் வந்த நாளிலிருந்து ஓடியதே இல்லை.

இது அவளுக்குப் புரிய சில நாட்கள் பிடித்தன. இன்று ஓட்டுவார்கள், நாளை ஓட்டுவார்கள் என்று, இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் படித்துக்கொண்டே காத்திருந்தாள். பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், இரும்பு ராடைக் கவ்விக்கொண்டு முன்பகுதி எப்படிச் சுழலும், கத்தி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. ஒரு ஷாஃப்ட்டுக்கு வேண்டிய கட்டளைகளை மனசுக்குள்ளேயே எழுதி, மனசுக்குள்ளேயே திருத்தியும் வைத்திருந்தாள். கடைசியில் ஒரு நாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு சீனுவாசனின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த மெஷினை..."

"துடைக்கத் துணி பத்தலையா? தாராளமா வாங்கிக்கோ" என்றார் அவர். முழங்கைகள் கட்டத்தை விட்டு நகரவில்லை. "இத பாரும்மா, ரகசியமாச் சொல்றேன். வருஷா வருஷம் ஒரு குறையும் இல்லாத தொழிற்சாலைக்குப் பூஜ்யக் கேடயம்னு ஒண்ணு குடுக்கறாங்க. நம்ம புதுக் கூடத்துல இதுவரைக்கும் ஒரு ப்ரேக்டவுன் இல்ல. ஒரு விபத்து இல்ல. ஒரு ரிஜெக்ஷன் இல்ல. ஒரு சொட்டு ஆயில் கீழ விழல. இந்தியாவுலயே இப்படி ஒரு மெஷின் கிடையாது."

"ஓட்டவே இல்லையே சார்."

"அதான் சொல்றேன். எவ்ளோ கட்டுப்பாடு பாரு."

வெளியே வந்தவளை உணவுக்கூடப் பொறுப்பாளர் இருதயமேரி பிடித்துக்கொண்டாள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் சோறு போடுகிறவள். அதனால் எல்லோருடைய கதையும் அவளுக்குத் தெரியும்.

"நேரா கேட்டுக்கீட்டு வெச்சிடாத, பாப்பா. உனக்கு முன்னாடி அந்த மெஷினுக்கு அய்யப்பன்னு ஒரு தம்பி அப்பாவா இருந்தான். 'சார், ஓட்டலாமா'ன்னு வாய விட்டுக் கேட்டுட்டான். இப்போ எங்க இருக்கான் தெரியுமா?"

"வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"சேச்சே. புரமோஷன். வாசல்ல காகிதப் பூச்செடி இருக்குது பாரு, அதுக்கெல்லாம் அவன்தான் இன்சார்ஜு."

அதற்குப் பிறகு தேவயானி வாசலைக் கடக்கும்போதெல்லாம், கையில் கத்தரியோடு செடிக்குப் பின்னால் நிற்கும் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரைப் பார்த்தாள். கேட்க நினைத்ததை விழுங்கிக்கொண்டாள்.

அப்படியானால் ஷாஃப்ட்டுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். தொழிற்சாலையின் பின்புறம், புளியமரங்களுக்கு அப்பால், ஒரு பழைய ஷெட் இருந்தது. அதில் கருத்துப்போன லேத்துகள் எண்ணெய் கக்கிக்கொண்டு இரவும் பகலும் ஓடின. தாண்டவா பிரிசிஷனின் அத்தனை ஷாஃப்ட்டும் அங்கேதான் பிறந்தது. ஆனால் வரவேற்பறையில் மாட்டியிருந்த வரைபடத்தில் அந்த இடம் பச்சை வண்ணத்தில் 'பூங்கா' என்று குறிக்கப்பட்டிருந்தது. இன்ஜினியர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. காலணியில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு புதுக் கூடத்துக்குள் வந்துவிடும்.

வெளியாட்கள் யாராவது தொழிற்சாலையைப் பார்க்க வந்தால் பூங்கா சத்தம் போடக் கூடாது. எனவே அன்றைக்கு ஷெட்டை நிறுத்திவிட்டு, அங்கே வேலை செய்கிறவர்களை வேனில் ஏற்றித் திருவாமாத்தூர் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். பார்வையாளர்கள் பெருகப் பெருக அபிராமேஸ்வரர் தரிசனமும் பெருகியது. கூட்டிப் போகும் பொறுப்பு இருதயமேரியுடையது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அவளுக்கு, திருவாமாத்தூரில் எந்தக் கிழமை என்ன பிரசாதம் என்பது அர்ச்சகரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "மாவட்டத்துலயே பக்தியான தொழிலாளிங்க எங்காளுங்கதான்" என்பாள். "போன தடவ அர்ச்சகரே கேட்டாரு, உங்க கம்பெனில யாரும்மா வேலை செய்யறதுன்னு."

சாயந்தரப் பாசஞ்சரில் விழுப்புரம் ஜங்ஷனில் தேவயானி இறங்கும்போது, வாரத்தில் ஒரு நாளாவது கோபி வெளியே பைக்கோடு நிற்பான். ஸ்டேஷன் எதிரே டீ. பிறகு கோலியனூர் வரைக்கும் கொண்டுபோய் விடுவான். 'நீங்க' எப்போதோ 'நீ' ஆகிவிட்டிருந்தது, அவன் பக்கத்தில் மட்டும்.

"இன்னிக்கு உன் கம்பெனி பொட்டி வந்துச்சு" என்றான் ஒரு நாள். "ஷாஃப்ட் சோக்காத்தான் இருக்குது. பொட்டிமேல உன் மெஷின் படம் போட்டிருக்கான். 'அதிநவீன இயந்திரத்தில் தயாரானது'ன்னு."

"அது பழைய லேத்துல செஞ்சது."

"தெரியும். தொட்டுப் பாத்தா தெரியாதா? கடைக்கு வர்றவன் கேக்கறான், இந்த மெஷின பாத்திருக்கியாண்ணேன்னு. பாத்ததில்லப்பா, ஆனா அதோட அம்மாவத் தெரியும்னு சொன்னேன்."

அவள் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தேவி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. ஜங்ஷன் பின்னாடி என் சிநேகிதன் பட்டறை இருக்குது. ஒரு ஞாயித்துக்கிழம வா. ஒரு ஷாஃப்ட்ட கடைஞ்சிடு. தேதிய வெச்சிப்போம்."

"அது நீங்க எனக்கு வாங்கிக் குடுத்த ஷாஃப்ட்டா ஆயிடும்."

"பின்ன?"

"என் மெஷின்ல நான் செய்யணும். அதுக்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தாங்க. தினம் ரெண்டு வேளை துடைக்கறேன். அது உள்ள எப்படிச் சுத்தும்னு எனக்கு மனசுல ஓடிக்கினே இருக்குது."

"அப்போ கேளு."

"கேக்கற மாதிரி எடம் குடுக்க மாட்டறாங்க. வாயத் தொறந்தா துணி குடுக்கறாங்க."

கோபி டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றான். "எங்கம்மாதான் பேஜாரு பண்ணிக்கினு இருக்குது. மரக்காணத்துலேர்ந்து எங்க அத்தை ஒரு சம்பந்தம் கொண்டாந்திருக்கு. டீச்சராம்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் இன்னா சொல்றது? வர்ற தை வரைக்கும்தான் எங்கம்மா தாங்கும். அதுக்குமேல நானும் காகிதப் பூச்செடிக்குப் போக வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்று கோலியனூர் வரைக்கும் பைக்கை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினான்.

ஒரே ஒரு முறை அந்தப் பொத்தான் அவள் விரலுக்கு மிக அருகில் வந்தது. அது ஒரு பல்லியால்.

காலையில் துடைக்கப் போனவள், இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பல்லி ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சீனுவாசனுக்குச் சொன்னாள். அவர் மற்ற மேலாளர்களுக்குச் சொன்னார். கயிற்றுக்கு வெளியே எல்லோரும் வரிசையாகத் தத்தம் மஞ்சள் பாதங்களில் நின்று பல்லியைப் பார்த்தார்கள். உறுதிமொழியில் பல்லி பற்றி ஒன்றும் இல்லை.

"கத்திச்சா?" என்று கேட்டார் சீனுவாசன்.

"கத்திச்சு சார்."

"எந்தத் திக்குல?"

"கவனிக்கல சார்."

"தாய்னா கவனிக்க வேணாமா?"

தேவயானி மெதுவாகச் சொன்னாள், "சார், கரண்ட் குடுத்தாத்தான் இந்தக் கதவு திறக்கும். கையேட்டுல போட்டிருக்கு. நான் வேணா ஒரு தடவை ஆன் பண்ணி..."

கூட்டம் பின்வாங்கியது. சீனுவாசனின் நெற்றியில் வியர்த்தது. ஆன் செய்தால் இயந்திரம் இயங்கியதாகிவிடும். இயங்கினால் கெட்டுப்போகும் வாய்ப்பும் வந்துவிடும். விட்டுவிட்டாலோ உள்ளே ஒரு உயிர். உயிர் போனால் விபத்து. விபத்து பூஜ்யம் என்பது போய்விடும்.  பல்லியே, நீ நன்றாயிருப்பாய், அங்கேயே இரு என்று தேவயானி வேண்டிக்கொண்டாள். திண்டிவனம் ஊரிலிருந்து கிருஷ்ணசாமியைக் காரனுப்பி அழைத்துவந்தார்கள். அவர் இயந்திரத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு பல்லிக்கும் ஒன்று போட்டார்.

"விளக்கை அணையுங்க. எல்லாரும் வெளிய வாங்க. ஜப்பான்ல இப்படித்தான் செய்வாங்க."

மதிய உணவு முடிந்து வந்து விளக்கைப் போட்டபோது பல்லி இல்லை. ஒயர் நுழையும் ஓட்டை வழியாக அது தன் வேலையைப் பார்க்கப் போயிருந்தது. 'இயந்திரத்தை இயக்காமலே பிரச்சினை தீர்த்தல்' என்ற தலைப்பில் கிருஷ்ணசாமி அதைப் பற்றி நான்கு ஊர்களில் சொற்பொழிவு நிகழ்த்தினார். உரிய நேரத்தில் பல்லியைக் கண்டதற்காக, 'மேன்மைப் பிரிவு உதவி மேலாளர்' என்று தேவயானிக்குப் பதவி உயர்வு வந்தது. சம்பளம் ஏறியது. ராஜவேலு கோலியனூர் முழுக்க ஜிலேபி கொடுத்தார். காஞ்சிபுரம், வேலூர் என்று வெளியூர்த் தொழிற்சாலைகளிலிருந்து இன்ஜினியர்கள் வந்து கயிற்றுக்கு வெளியே நின்று அவள் துடைப்பதைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஏறுகிற ஒவ்வொரு படியும் அந்தப் பச்சைப் பொத்தானிலிருந்து அவளை இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளிக்கொண்டு போனது.

மூன்றாவது தை பிறக்கச் சில வாரங்களே இருக்கும்போது பூஜ்யக் கேடயம் தாண்டவா பிரிசிஷனுக்கே என்று அறிவிப்பு வந்தது.

விழாவைப் புதுக் கூடத்திலேயே, இயந்திரத்துக்கு முன்னால் வைத்தார்கள். ஊழியர்களின் குடும்பங்களுக்கும் அழைப்பு. முதல் வரிசையில் மேலாளர்கள். அடுத்த வரிசையில் ராஜவேலுவும் சௌந்தரமும். அவர்களுக்குப் பக்கத்தில் கோபியும் அவன் அம்மா முனியம்மாளும். இந்த மெஷின் எப்படித்தான் இருக்கும், ஒரு கல்யாணத்தையே நிறுத்தி வைத்திருக்கிறதே என்று பார்த்துவிட்டுப் போகவே முனியம்மாள் வந்திருந்தாள். பழைய ஷெட் ஆட்கள் மட்டும் வழக்கம்போலத் திருவாமாத்தூருக்குப் போயிருந்தார்கள். மைக் ஒயர் தன் மஞ்சள் கோட்டை விட்டு ஆடினால் சரியாயிருக்காது என்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டதால் எல்லோரும் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள்.

கேடயம் வழங்க வந்தவர் தேவசகாயம். ஓய்வு பெற்ற இன்ஜினியர், வயதானவர். கேடயக் குழுவுக்குத் தலைவராகி இரண்டு மாதம்தான் ஆகிறது. சீனுவாசன் அவரை இயந்திரத்திடம் அழைத்துவந்தார். தேவசகாயம் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். இதுவரை யாரும் செய்யாத காரியம் அது. உள்ளங்கையை அந்த வெள்ளை உடம்பின்மேல் வைத்து, கண்ணை மூடி நின்றார்.

"ஓடறப்ப சத்தம் எப்படிம்மா இருக்கும் இதுக்கு?" என்று பலகையிலிருந்த படத்தையும் தேவயானியையும் பார்த்துவிட்டுக் கேட்டார். "கரகரன்னா, இல்ல ரீங்காரமா?"

தேவயானி வாயைத் திறந்தாள்.

"சத்தமும் பூஜ்யம் சார்" என்றார் சீனுவாசன்.

தேவசகாயம் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மேடைக்கு நடந்தார். தேவயானி அங்கேயே நின்றாள். இரண்டரை வருடமாகத் தினம் தொட்டுத் துடைத்த குழந்தையின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவின் மோட்டாரை முதல் தடவை கேட்டவுடனே ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவன் அந்தக் கூடத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவளால் அவன் பக்கம் திரும்ப முடியவில்லை.

முதலில் கிருஷ்ணசாமி பேசினார். மைக்குக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"குறை எப்போ வருது? பொருள் செய்யும்போது வருது. விபத்து எப்போ வருது? வேலை செய்யும்போது வருது. உலகத் தொழிற்சாலைகள் எல்லாம் இந்த உண்மையைத் தெரிஞ்சிக்காம பொருள் செஞ்சிக்கிட்டே இருக்காங்க. ஜப்பான்ல கூட இன்னும் இந்த அளவுக்கு வரல. வருத்தமாத்தான் இருக்கு."

கைத்தட்டல் பலமாக இருந்தது. அடுத்து சீனுவாசன்.

"ஆரம்பத்துல நம்ம புதுக் கூடத்துல நூறு சதவீதம் தரம்னு எழுதி வெச்சோம். ஒரு பொருள் செஞ்சாலே அந்த நூறு தொண்ணூத்தொம்பதா ஆகற ஆபத்து இருக்கு. அந்த ஆபத்தை நாங்க ஒரு நாள்கூட நெருங்க விடல. இதுக்காக எத்தனை ஆர்டரைத் திருப்பி அனுப்பியிருக்கோம்னு எங்களுக்குத்தான் தெரியும்."

முனியம்மாள் மகனிடம் குனிந்து, "இன்னாடா சொல்றாரு?" என்றாள்.

"வேலை செய்யலன்னு சொல்றாரும்மா."

"அதுக்கா கப்பு குடுக்கறாங்க?"

"அதுக்குத்தான்."

"இது தெரிஞ்சிருந்தா உங்கப்பாவுக்கு நான் வருஷா வருஷம் குடுத்திருப்பேனே."

முதலாளி தாண்டவராயன் கடைசியாக எழுந்தார். நல்ல மனிதர். பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. "எங்கப்பா லேத் பட்டறை வெச்சிருந்தவரு. ராத்திரி சாப்பிடும்போதும் அவரு நகத்துல கிரீஸ் இருக்கும். அன்னைக்கே முடிவு பண்ணேன், என் கம்பெனில ஒருத்தன் நகத்துலகூட கிரீஸ் இருக்கக் கூடாதுன்னு. இன்னிக்கு என் கனவு பலிச்சிடுச்சு. இதே மாதிரி இன்னும் இருபது மெஷின் வாங்கறோம். இருபதும் இதைப் போலவே இருக்கும். அந்தக் கூடத்துக்கு மேலாளரா, இந்த மெஷினோட அன்னை தேவயானியையே போடறோம்."

ராஜவேலு எழுந்து நின்று கைதட்டினார். தேவயானிக்கு, வெள்ளையாக இருபது இயந்திரங்கள் வரிசையில் நிற்பது தெரிந்தது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம், பக்கத்தில் புதிதாகப் படிப்பு முடித்துவந்த ஒரு பெண்ணின் புகைப்படம். அத்தனை பேருக்கும் துணி எடுத்துக் கொடுப்பதுதான் இனி அவள் வேலை.

தேவசகாயம் கேடயத்தைக் கையில் எடுத்தார். பெரிய வெள்ளிக் கேடயம். நடுவில் கொழுத்த ஒரு பூஜ்யம். ஆனால் அதை யாரிடமும் கொடுக்காமல் மேசைமேல் மறுபடியும் வைத்துவிட்டார்.

"கொடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணும். வாம்மா."

தேவயானி மேடை ஏறினாள். அவள் கையில் சீனுவாசன் எழுதிக் கொடுத்த நன்றியுரை இருந்தது. மைக் எதிரே தரையில் அவளுக்கென்று மஞ்சளில் இரண்டு பாதங்கள் வரைந்திருந்தார்கள்.

"உன்னாலதான் இந்தக் கேடயம்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் தேவசகாயம். "நீ ஏதாவது கேட்டியா இவங்ககிட்ட? இத்தனை நாள்ல?"

"இல்ல சார்."

"கேக்கணும்னு தோணினதே இல்லையா?"

முதல் வரிசையில் சீனுவாசன் உட்கார்ந்தபடியே, துணி, துணி என்று உதட்டை அசைத்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே அய்யப்பன் கத்தரியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முனியம்மாள் விசிறுவதை நிறுத்தினாள். கோபி, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஆள் மாதிரி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்; ஆனால் அவன் இரண்டு கைகளும் முன் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தன. தேவயானி அந்தக் கைகளைத்தான் பார்த்தாள்.

நன்றியுரையை மடித்தாள். மஞ்சள் பாதங்களிலிருந்து இறங்கி, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, இயந்திரத்தின் பக்கம் நாலு எட்டு நடந்து நின்றாள்.

"சார், இந்த மெஷினை நான் ஓட்டணும்" என்றாள். "இப்பவே. ஷாஃப்ட் கடைய யாராவது ஒரு இரும்பு ராடு கொண்டாங்க."